சப்சலி இல்லாத பின்வரிசை

கோல் வலைக்குப் பின்னால் போய் நின்று ஆட்டம் பார்ப்பதுதான் இசத்துல்லோவின் பழக்கம். பக்கவாட்டில் நின்றால் பந்து தெரியும், பின்னால் நின்றால்தான் ஆட்கள் தெரிவார்கள் என்று யார் கேட்டாலும் சொல்வார். பிப்ரவரி முடியப்போகிற அந்தப் பிற்பகலிலும் அங்கேதான் நின்றிருந்தார். மலைப்பக்கமிருந்து வந்த காற்று மைதானத்து ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு வந்து காதில் அறைந்தது. பக்கத்து ஊர் இரண்டாம் பிரிவு அணியோடு பயிற்சி ஆட்டம். பார்க்க வந்தவர்கள் என்று சொன்னால் மாவு மில்லில் ஷிஃப்ட் முடிந்த நாலைந்து பேர். வேலியோரம் சாய்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டிருந்தார்கள். நவ்ரூஸ் பண்டிகை முடிந்த கையோடு சீசன் தொடங்கிவிடும். அதற்குள் பின்வரிசையைப் பற்றி இசத்துல்லோ தன் கணிப்பைச் சொல்லியாக வேண்டும். பின்வரிசைப் பயிற்சியாளரான அவருக்கு அதற்காகத்தான் சம்பளம்.

அவருடைய கண் அந்த நாலு முதுகுகளை விட்டு நகரவில்லை. இடது பக்கப் பையன் காற்று மாதிரி முன்னால் போவான். திரும்பி வரவழைக்கத்தான் ஆள் அனுப்ப வேண்டும். வலது பக்கத்தவனுக்குக் கால் சுத்தம், வாய் சுத்தமில்லை. அவன் நடுவரோடு தகராறு செய்து முடிப்பதற்குள் கோல் விழுந்திருக்கும். நடுவில் நிற்கும் இரண்டு ஸ்டாப்பர்களில் மூத்தவன் ஸொஹிர். தலையால் முட்டுவதில் இன்றைக்கும் அவனுக்கு ஈடில்லை. ஆனால் திரும்பி ஓட வேண்டி வந்துவிட்டால் குறுகலான சந்தில் லாரி ரிவர்ஸ் எடுப்பது போலிருக்கும். நாலாவது முதுகு சப்சலியுடையது.

சப்சலி, ரூஷான் என்கிற மலைப்பக்கத்து ஊர்க்காரன். இருபத்து நாலு வயது. பெரிய உயரமில்லை, பார்த்தால் ஸ்டாப்பர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பந்து வந்து சேரப்போகிற இடத்துக்கு முன்கூட்டியே போய், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி சாவகாசமாக நிற்பான். எதிரணிக்காரன் பந்தை அவனிடமே கொண்டுவந்து கொடுத்துவிட்டு முழிப்பான். மற்ற மூவரும் செய்யும் தப்புக்குத்தான் அவன் ஓடுவான். அப்போது ஓடுகிற ஓட்டம் வேறு மாதிரி இருக்கும். வாய் ஓயாது. "ஸொஹிர் அண்ணே, ஒரு எட்டு பின்னால. அவ்வளவுதான், போதும். ஏய் இடது! கல்யாண வீட்டுக்கா போற? சாப்பிட்டது போதும், திரும்பி வா!" வேலியோரத்து ஆட்கள் சிரித்தார்கள். வலைக்குப் பின்னால் இசத்துல்லோவும் சிரித்தார். தன் காலத்தில் ஸ்டாப்பராக ஆடி இரண்டு முட்டிகளையும் தொலைத்தவர் அவர். இப்படி ஒருத்தன் பக்கத்தில் நின்றிருந்தால் முட்டிகள் மிஞ்சியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் மில் ஆபீஸில் கூட்டம். மில் முதலாளி கமோலுத்தீன்தான் கிளப்புக்கும் தலைவர். யார் வந்தாலும் தன் கையாலேயே பியாலாக்களில் பச்சைத் தேநீர் ஊற்றிக் கொடுக்கிற மனிதர். போன வருஷம் கடைசி ஆட்டத்தில்தான் அணி பெரிய பிரிவிலிருந்து இறங்காமல் தப்பித்தது. அந்த வாரம் முழுக்க முதலாளி சாப்பிடவே இல்லை என்று மில்லில் சொல்வார்கள். தலைமைப் பயிற்சியாளர் கியோம் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வந்திருப்பவர். நாற்காலியில் எப்போதும் நுனியில்தான் உட்காருவார்.

"முன்னால ஆடுறவனுங்களைப் பத்தி கியோம் சொல்லிட்டாரு," என்றார் கமோலுத்தீன். "நீ கதவைப் பத்திச் சொல்லு இசத். பூட்டினா நிக்குமா, ஒரு உதைக்கே பேந்துக்குமா?"

இசத்துல்லோ ஒவ்வொருவராகச் சொன்னார். யாரையும் விட்டுக்கொடுக்காமலும் யாரையும் தூக்கிப் பிடிக்காமலும் சொன்னார். கடைசியாக சப்சலியிடம் வந்தபோது குரல் தானாகவே மாறிவிட்டது.

"மூணு பேரை ஒருத்தன் தாங்கி நிக்கிறான் தலைவரே. அவன் இருந்தா நமக்குப் பின்வரிசைன்னு ஒண்ணு இருக்கு. அவன் இல்லேன்னா பின்வரிசையே இல்ல. மூணு பேரு தனித்தனியா ஓடிக்கிட்டிருப்பாங்க, அவ்வளவுதான்."

"ஆக, அவனைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பாத்துக்கணுங்கிற."

"அப்படித்தான் வச்சுக்கணும்."

வீட்டுக்கு நடந்து வரும்போது அந்த வாக்கியத்தையே மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தொழில் தெரிந்த ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. மனைவி மவ்லூதாவிடமும் சொல்லிக் காட்டினார். "நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க," என்றாள் அவள், ரொட்டியைப் பிட்டு ஷூர்பா சூப்பில் போட்டபடி.

அந்த வருஷம் சீசனுக்கு முன்னால் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இதய ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று புதிதாக விதி வந்திருந்தது. கிளப் டாக்டர் முனவ்வரா எல்லோரையும் வேனில் ஏற்றி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்வந்தார். அறுபது வயதுப் பெண்மணி, குழந்தைகள் டாக்டர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் போட்ட தடுப்பூசித் தழும்பு இருக்கும். ஒரு வாரம் கழித்து இசத்துல்லோவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உட்காருங்க."

"பரவால்ல டாக்டர், நின்னுக்கிறேன்."

"உட்காருங்கன்னா உட்காருங்களேன்."

உட்கார்ந்தார். டாக்டர் தன் கையை முஷ்டியாக மடக்கி மேஜை மேல் வைத்தார். "இதயம் ஏறக்குறைய இவ்வளவுதான். நடுவுல ஒரு சுவர். சப்சலிக்கு அந்தச் சுவர் தடிச்சுப் போயிருக்கு. பிறவியிலேயே வந்தது. வேகமா ஓடும்போது தாளம் தப்பலாம். தப்பினா அந்த இடத்துலயே விழுந்துடுவான். தூக்கிட்டு ஓட நேரம் இருக்காது."

"எப்போ?"

"நாளைக்கே இருக்கலாம். எண்பது வயசு வரைக்கும் வராமலும் போகலாம். அதைச் சொல்ற டாக்டர் இன்னும் பொறக்கல. ஆனா போட்டி ஆட்டம் கூடாது. அங்க பாத்த பெரிய டாக்டரும் அதையேதான் சொன்னாரு."

இசத்துல்லோ அப்போது கேட்டதை நினைத்துப் பிறகு பல நாள் கூசினார். "பாதி ஆட்டம் மட்டும்னா?" என்று கேட்டார். "பின்வரிசையில ஆடுறவன் அவ்வளவா ஓட மாட்டான் டாக்டர். அதுலயும் இவன் ரொம்பக் கம்மியா ஓடுற ஆளு."

முனவ்வரா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "கத்திரிக்காயா வாங்க வந்திருக்கீங்க, பேரம் பேசுறீங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார்.

சப்சலியிடம் சொல்லும்போது நீங்களும் கூட இருங்கள் என்று டாக்டர் கேட்டுக்கொண்டார். சப்சலி டாக்டர் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான், நன்றி சொன்னான், எழுந்து போய்விட்டான். பின்னாலேயே போன இசத்துல்லோ அவனை விடுதியின் பின்பக்கம், முசுக்கட்டை மரத்தடிக் குழாயில் கண்டார். பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். ஏற்கனவே சுத்தமாக இருந்த பூட்ஸ்.

"என் அண்ணனுங்க ரெண்டு பேரும் மாஸ்கோவுல இருக்காங்க உஸ்தாத்," என்றான் நிமிராமலே. "லிஃப்ட் இல்லாத கட்டடத்துல, பனியில, சிமெண்ட் மூட்டை தூக்குறாங்க. ஃபுட்பால் கூடாதுன்னா நானும் அங்கதான் போயாகணும். அங்க போனா இந்தச் சுவர் மெலிஞ்சுடுமா?"

"வேற ஏதாவது வேலை பாக்கலாம்."

"எது? நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்ற வேலைக்குப் போறேன்."

இசத்துல்லோ யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். மில்லில் உட்கார்ந்த இடத்து வேலை எதுவும் காலியில்லை. இருந்தாலும் அது யாருடைய மைத்துனனுக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்றால் அதற்கே இந்த ஊரில் சம்பளம் வாங்காமல் இரண்டு பேர் நிற்கிறார்கள். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

"பாத்தீங்களா," என்றான் சப்சலி. பிறகு நிமிர்ந்து சிரிக்கப் பார்த்தான். "எனக்கு ஒண்ணுமே பண்ணல உஸ்தாத். நெஞ்சு வலிக்கல, மூச்சு வாங்கல. கழுதை ஏறத் தயங்குற இடத்துல ஏறி வளந்தவன் நான். இந்த வருஷம் நல்லா ஆடினா கஜகஸ்தான் கிளப்காரங்க கூப்பிடுறதா இருக்காங்க. அவங்க கூப்பிட்டப்புறம் இந்த மிஷின் என்ன வேணா சொல்லட்டும்."

விஷயம் கமோலுத்தீனுக்குப் போனது. இரண்டு நாள் மனிதர் யாரையும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சப்சலியைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு தலைநகர் துஷான்பே போனார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. இசத்துல்லோவையும் கியோமையும் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினார்.

"எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர். நல்ல கைராசி. என் நெஞ்சுல குழாய் வச்சப்போ கூட இருந்து பாத்தவரு. அவர் சொல்றாரு, ஓடுற ஆளுங்களுக்கெல்லாம் இப்படித்தான் பெருக்குமாம். விளையாட்டுக்காரன் இதயம்னு அதுக்குப் பேரே இருக்காம். ஒண்ணுமில்ல, ஆடட்டும்னுட்டாரு."

"முனவ்வரா டாக்டரும் பெரிய ஆஸ்பத்திரியிலயும்..."

"அவங்க குழந்தைங்க டாக்டர் இசத். நல்லவங்கதான். ஆனா இருமினாலே படுக்க வச்சுடுவாங்க. ஆடலாம்னு சான்றுல கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டாங்க, சரி, நான் வற்புறுத்தல. வேற ஒருத்தர் வராரு." கமோலுத்தீன் பியாலாவைக் கீழே வைத்தார். "நீயேதானே சொன்ன? அவன் இல்லேன்னா பின்வரிசையே இல்ல, மூணு பேரு தனித்தனியா ஓடிக்கிட்டிருப்பாங்கன்னு? அதைக் கேட்டதுலேருந்து எனக்குத் தூக்கமில்ல."

"நான் ஆட்டத்தைப் பத்திச் சொன்னேன் தலைவரே."

"நானும் ஆட்டத்தைப் பத்தித்தான் பேசுறேன்."

கியோம் நாற்காலி நுனியில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். அவர் பக்கம் பார்த்த இசத்துல்லோவுக்கு அங்கே எதுவும் கிடைக்கவில்லை.

"அன்னைக்கு நான் கொஞ்சம் அதிகமாச் சொல்லிட்டேன்," என்றார் இசத்துல்லோ. "பெஞ்சுல நூர்மத் இருக்கான். ஸொஹிர் பக்கத்துல அவனை நிறுத்திப் பழக்கிடுவேன். சப்சலி இல்லாமலே பின்வரிசைய நிறுத்திக் காட்டுறேன். கடைசிப் பயிற்சி ஆட்டம் வரைக்கும் விடுங்க. அதுவரைக்கும் அவன் உட்காரட்டும்."

கமோலுத்தீன் அவருடைய பியாலாவை மறுபடி நிரப்பினார். "நிறுத்திக் காட்டு," என்றார். "நான் என்ன கொலைகாரனா? நீ நிறுத்திட்டா எனக்கும் நிம்மதிதான்."

அவர் அப்படிச் சொன்னதை இசத்துல்லோ நம்பினார். அவர் பொய் சொல்லவுமில்லை.

நூர்மத் நல்ல பையன். உயரம், வேகம், பணிவு எல்லாம் உண்டு. பந்து காலில் இருக்கும்போது காது மட்டும் அடைத்துக்கொள்ளும். பயத்தில் யார் கத்தினாலும் கேட்காது. இசத்துல்லோ கடைத்தெருவில் துணி காயப்போடும் கயிறு வாங்கிவந்து நாலு பேரின் இடுப்பையும் ஒன்றோடொன்று கட்டிவிட்டார். ஒருத்தன் முன்னால் போனால் மற்றவன் இழுபட வேண்டும், ஒருத்தன் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். முதல் இரண்டு நாள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து உருண்டார்கள். "ஆட்டு மந்தையக் கட்டுற மாதிரி கட்டிட்டாரே!" என்று வலது பக்கத்தவன் புலம்பினான். ஸொஹிர் மட்டும் வாயைத் திறக்காமல் கயிற்றோடு போராடினான். சப்சலியைப் பற்றி அவனுக்குத் தெரியும், எல்லோருக்குமே தெரியும். யாரும் பேசிக்கொள்ளவில்லை.

சப்சலியை லேசான உடற்பயிற்சியோடு உட்காரச் சொல்லியிருந்தது. அவன் உட்காரவில்லை. வேலியோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்று, கயிற்றில் கட்டுண்ட நாலு பேரையும் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் சாயங்காலம் நாலு பேரும் கயிறு தொய்யாமல், இறுகாமல், ஒரே மூச்சில் முன்னேறி ஒரே மூச்சில் பின்வாங்கினார்கள். வாதுமை மரங்கள் பூத்திருந்த நேரம். இசத்துல்லோவுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போய், "நின்னுடும் போலிருக்கு மவ்லூதா," என்றார்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அது நிக்கட்டும். அந்தப் பையனோட அம்மாவுக்கு யாராவது சொன்னீங்களா?"

யாரும் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் காலையில் கிளப் ஆபீஸில் எண் வாங்கி ரூஷானுக்குப் போன் போட்டார். அப்பா லாரி ஓட்டப் போயிருந்தார், அம்மாதான் எடுத்தாள். யார் பேசுவது என்று தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உஸ்தாத் நல்லா இருக்கீங்களா, வீட்டுல நல்லா இருக்காங்களா, அங்க பனி நின்னுடுச்சா, என் பையன் ஒழுங்காச் சாப்பிடுறானா, உங்களைப் பத்தியே பேசுவான், உங்களை நம்பித்தான் அவனை அங்க விட்டிருக்கோம் என்று மூச்சுவிடாமல் பேசினாள். இசத்துல்லோ ஒரு இடத்தில் குறுக்கிட்டு, எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னார். மறுபக்கம் அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்போ அவனை அனுப்பி வச்சுடுங்க," என்றாள். "பஸ் ஏத்தி விட்டுடுங்க. நான் வந்து கூட்டிக்கிறேன்."

"அவன் வர மாட்டேங்கிறான் அக்கா."

"நீங்க சொன்னா கேப்பான்."

நான் சொன்னால் கேட்பான் என்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தபடி இசத்துல்லோ போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு நாள் கழித்து உடைமாற்றும் அறை வாசலில் சப்சலி அவரை வழிமறித்தான். எப்போதும் "உஸ்தாத்" என்றுதான் ஆரம்பிப்பான். அன்று அதுகூட இல்லை.

"எங்கம்மாகிட்ட ஏன் சொன்னீங்க?"

"அவங்களுக்குத் தெரியணும்டா."

"தெரிஞ்சு? ரெண்டு நாளா சாப்பிடாம அழுதிருக்கா. ரோட்டுல பனிச்சரிவு, வண்டி போகல, நடந்தாவது வரேன்னு கிளம்பியிருக்கா. பக்கத்து வீட்டுக்காரங்க பிடிச்சு நிறுத்தியிருக்காங்க." அவனுக்கு மூச்சு ஏறி இறங்கியது. அதைப் பார்த்ததும் இசத்துல்லோ, "சரி சரி, கத்தாத, மெதுவாப் பேசு," என்றார் பதறி. அது அவனை இன்னும் கிளப்பிவிட்டது. "பாத்தீங்களா! இனிமே நான் கத்தினாக்கூட எல்லாரும் என் நெஞ்சையே பாப்பீங்க!" சுவரில் சாய்ந்துகொண்டான். குரல் இறங்கிவிட்டது. "அது நான் இல்லேன்னு சொல்லிட்டேன் அம்மாகிட்ட. டீம்ல இன்னொரு சப்சலி இருக்கான், கோல் கீப்பர், அவனுக்குத்தான் நோவு, உஸ்தாத்துக்கு வயசாயிடுச்சு, போனை மாத்திப் போட்டுட்டாருன்னு சொல்லியிருக்கேன். இப்ப அந்தக் கீப்பர் சப்சலிக்காக துவா கேட்டுக்கிட்டிருக்கா. மறுபடி போன் பண்ணிடாதீங்க."

இசத்துல்லோ மறுபடி போன் பண்ணவில்லை.

கடைசிப் பயிற்சி ஆட்டம் தலைநகரிலிருந்து வந்த பலமான அணியோடு. சனிக்கிழமை, நல்ல வெயில், பார்வையாளர் மேடை பாதி நிரம்பியிருந்தது. கமோலுத்தீன் முன்வரிசையில் இருந்தார். இசத்துல்லோ அன்று வலைக்குப் பின்னால் போகவில்லை; நூர்மத்துக்குக் குரல் கேட்க வேண்டும் என்று கோட்டோரமே நின்றார். முதல் கொஞ்ச நேரம் கயிறு இருப்பது போலவே ஆடினார்கள். எதிரணிக்காரர்கள் இரண்டு முறை ஆஃப்சைடில் மாட்டினார்கள். மேடையில் கைதட்டல் கேட்டபோது இசத்துல்லோ கமோலுத்தீன் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவரும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அப்புறம் எதிரணியின் ஃபார்வர்டு ஒருவன் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டான். பந்து இல்லாதபோது நூர்மத்தின் பக்கம் போய் அவன் தோளை உரசிவிட்டு வேறு பக்கம் ஓடினான். நூர்மத் அவன் பின்னாலேயே போனான். நடுவில் ஒரு வாசல் திறந்தது. முதல் கோல். "நூர்மத், விடு அவனை! இடத்தைப் பாரு!" என்று இசத்துல்லோ தொண்டை கிழியக் கத்தினார். பையன் காது அடைத்துக்கொண்டுவிட்டது. இரண்டாவது கோல் ஸொஹிரைத் திரும்பி ஓடவைத்து அடித்தது. மூன்றாவதின்போது இடது பக்கப் பையன் எங்கே இருந்தான் என்றே தெரியவில்லை. யாரும் சோம்பவில்லை, எல்லோரும் உயிரைக் கொடுத்துத்தான் ஓடினார்கள். தனித்தனியாக ஓடினார்கள்.

பெஞ்சுப் பக்கம் சப்சலி இருப்புக்கொள்ளாமல் நடந்தான். "அண்ணே, இடது தோள்ல வரான்! திரும்பாதீங்க! ஐயோ, திரும்பாதீங்கன்னா..." என்று கத்தினான். கத்தியதெல்லாம் சரியாக இருந்தது, ஒரு விநாடி முன்னதாகவும் இருந்தது. ஆனால் அது கோட்டுக்கு வெளியிலிருந்து வந்தது, உள்ளே போய்ச் சேரவில்லை.

இடைவேளையில் கமோலுத்தீன் இறங்கி வந்தார். கோபமாக வந்திருந்தால் இசத்துல்லோவும் கோபப்பட்டிருப்பார். அவர் தோளில் கை வைத்து, "இப்ப நீயே சொல்லு இசத்," என்றார், நோயாளி வீட்டில் பேசுகிற குரலில்.

"பழகிடுவாங்க. இன்னும் ஒரு மாசம் குடுங்க."

"அடுத்த வாரம் சீசன்டா."

இசத்துல்லோ கியோமைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்களேன். நீங்கதானே கோச்?"

கியோம் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தார், மறுபடி மூடினார். "டாக்டர் ஒருத்தர் ஆடலாம்னு சொல்லியிருக்காரு," என்றார். "நாம டாக்டர் இல்லையே இசத்துல்லோ."

இந்தப் பேச்சு முடிவதற்குள் சப்சலி மேல்கோட்டைக் கழற்றிவிட்டு பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். இசத்துல்லோ அவன் முன்னால் போய்க் குந்தினார்.

"டேய், வேணாம்டா. உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன்."

"நூர்மத்தைப் பாருங்க உஸ்தாத், அழுதுக்கிட்டிருக்கான்," என்றான் சப்சலி. "அவன் மேல எதுக்கு இதை ஏத்துறீங்க?" எழுந்து, அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான்.

இரண்டாம் பாதியில் கோல் விழவில்லை. விழுகிற மாதிரிகூட வரவில்லை. ஆள் மாற்றிய மாதிரியே இல்லை, யாரோ வந்து அறையில் விளக்கைப் போட்ட மாதிரி இருந்தது. ஸொஹிர் திரும்ப வேண்டியதே வரவில்லை. இடது பக்கப் பையன் போனான், வந்தான். அந்த ஃபார்வர்டு தோளை உரசிப் பார்த்தபோது சப்சலி அவன் காதில் ஏதோ சொன்னான், அவனே சிரித்துவிட்டான். ஒரு கட்டத்தில் நாலு பேரும் ஒரே நேரத்தில் ஒரு எட்டு முன்னால் வைத்து மூன்று பேரை ஆஃப்சைடில் தள்ளினார்கள். இசத்துல்லோவின் நெஞ்சுக்குள் ஏதோ குதித்தது. "அருமை!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அவ்வளவு வருஷம் இந்தத் தொழிலில் இருந்து அவர் பார்க்க ஆசைப்பட்டது அதுதான். சொன்ன அடுத்த கணம் வாயைப் பொத்திக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

வேலையை விட்டுவிடலாமா என்று நவ்ரூஸ் விடுமுறை முழுக்க யோசித்தார். வீட்டு முற்றத்தில் பெண்கள் பண்டிகைக்கான சுமலாக் களியைக் கிண்டிக்கொண்டிருக்க, ஓரமாக உட்கார்ந்து மவ்லூதாவிடம் அதையே சொன்னார். "விட்டுட்டா அவன் ஓடாம இருப்பானா?" என்று கேட்டாள். இருக்க மாட்டான். "இருந்தா மட்டும் நிறுத்திடுவீங்களா?" முடியாது. "அப்போ எதுக்கு இருக்கீங்க?" அவள் குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பக்கத்தில் ஒருத்தராவது விஷயம் தெரிந்தவர் நிற்க வேண்டாமா என்று அவர் இழுத்தார். நின்று என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அடிப்பிடிக்கிறது என்று யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டாள். மறுநாள் அவர் முனவ்வரா டாக்டர் வீட்டுக்குப் போய், ஒருத்தன் விழுந்தால் நெஞ்சை எப்படி அமுக்குவது என்று சொல்லிக்கொடுக்கக் கேட்டார். டாக்டர் சோபாத் தலையணை ஒன்றைத் தரையில் போட்டுச் செய்து காட்டினார். "இன்னும் பலமா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "எலும்பு ஒடியுமோன்னு பாக்காதீங்க." முட்டி வலியோடு தரையில் மண்டியிட்டு அந்தத் தலையணையை அமுக்கிக்கொண்டிருந்தபோது இசத்துல்லோவுக்கு அழுகை வந்தது. அதை வேர்வை மாதிரி துடைத்துக்கொண்டார்.

சீசனின் முதல் ஆட்டம். பண்டிகைக் கூட்டம் இன்னும் கலையவில்லை. மேடை நிரம்பி, மதில்மேலும் ஆட்கள். தோல் மேளமும் நீளக் குழலும் ஒரு விநாடிகூட நிற்கவில்லை. மைதான வாசலில் ஆம்புலன்ஸ் ஒன்று நின்றது. அதன் டிரைவர் கதவைத் திறந்து வைத்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். முனவ்வராவுக்குப் பதிலாக வந்திருந்த இளம் டாக்டர் செல்போனில் மேளக்காரர்களைப் படம் பிடித்தார். இசத்துல்லோ பெஞ்சில் உட்காராமல் கோட்டோரம் நின்றார். மற்றவர்கள் பந்தைப் பார்த்தார்கள். அவர் ஒரே ஒரு முதுகைப் பார்த்தார். அது நடந்தால் அவருக்கு மூச்சு வந்தது, ஓடினால் நின்றது.

சப்சலி நன்றாகவே ஆடினான். கூட்டம் அவன் பேரைச் சொல்லிக் கத்தியது. முதல் பாதி முடியப்போகும் நேரம், பின்வரிசை முழுக்க நடுக்கோடு வரை ஏறியிருந்தபோது, எதிரணியிலிருந்து ஒரு நீளமான பந்து எல்லோர் தலைக்கும் மேலாகப் பறந்து வந்தது. அவர்களுடைய வேகமான ஆள் ஸொஹிரைத் தாண்டிப் போய்விட்டான். சப்சலி திரும்பினான், ஓடினான். இசத்துல்லோவும் ஓடினார். கோட்டுக்கு இந்தப் பக்கம், கனமான மேல்கோட்டும் தெருச் செருப்புமாக, கெட்டுப்போன முட்டிகளோடு, அவனுக்கு இணையாகத் தன் கோல் பக்கம் ஓடினார். கோட்டோர நடுவர், "யோவ், உன் இடத்துக்குப் போ!" என்று பின்னாலிருந்து கத்தினார். மேடையில் சிலர் சிரித்தார்கள். பந்தும் இரண்டு ஆட்களும் ஒரே இடத்தில் சேர்ந்தார்கள். சப்சலி சரிந்து காலை நீட்டினான், பந்து பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. அவன் ஈரப் புல்லில் வழுக்கிக்கொண்டு போய்க் கவிழ்ந்து கிடந்தான்.

இசத்துல்லோ எதிரே நின்று விரல்களை விரித்து மடக்கினார். கூட்டத்தின் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை.

சப்சலி ஒரு கையை ஊன்றினான். எழுந்தான். சட்டையில் ஒட்டிய புல்லைக்கூடத் தட்டாமல், இரண்டு கைகளையும் முன்னால் வீசி, "ஏறு! ஏறு! தூங்காதீங்க!" என்று கத்தினான். எதிரணியின் த்ரோ வந்தது, ஸொஹிர் தலையால் முட்டி நடுவே தள்ளினான், நாலு பேரும் ஒரே வரிசையாக முன்னேறினார்கள். அவர்களுக்குப் பின்னால், கோல் வரைக்கும், வெறும் புல்வெளி வெயிலில் விரிந்து கிடந்தது. பந்து எதிரணியின் நடு ஆட்டக்காரன் காலில் போய் நின்றது. அவன் அவசரப்படவில்லை. தலையைத் தூக்கி, சப்சலிக்குப் பின்னால் கிடந்த அந்த வெற்றிடத்தைப் பார்த்தான்.